வியாழக்கிழமை கேரியர் கொண்டுவர வேண்டாம் என்று எம்.டி. சொல்லியிருக்கிறார், என்னவாக இருக்கும்?

தேன்சிட்டு
அக்டோபர் 7, 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறேன். 2016 ஜூனில் சேர்ந்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் எம்.டி. ஆபீசில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மதியம் ஒன்றரைக்கு அவர் கார் வீட்டுக்குக் கிளம்பும், மூன்று மணிக்குத் திரும்பும். துணி வாங்குகிற பையர் யாராவது வந்தால் வெளியே கூட்டிப்போவார். அதற்கும் ஆர்டர் விஷயம் பார்க்கிற மெர்ச்சண்டைசர்தான் கூடப் போவார். நாங்கள் ஸ்டாஃப் பதினோரு பேரும் சாம்பிள் ரூமில், கட்டிங் டேபிளின் ஓரத்தில் பேப்பர் விரித்துக் கேரியரைத் திறப்போம்.

இன்று சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஒரு பேக்கிங் லிஸ்ட்டில் கார்ட்டன் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வந்து என் டேபிள் பக்கத்தில் நின்றார். லிஸ்ட்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். படித்த மாதிரி தெரியவில்லை. "வியாழக்கிழமை கேரியர் கொண்டாராத அம்மணி. மத்தியானம் வெளிய சாப்பிட்டுக்கலாம்" என்றார். "சரிங்க சார்" என்றேன். லிஸ்ட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

வேறு வருஷமாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். இந்த வருஷம் ஊர் இருக்கிற நிலைமை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க வரி ஆகஸ்ட் 7ஆம் தேதி 25 சதவீதம், 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25, ஆக 50. எங்கள் கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்க ஆர்டர்தான். வரி ஏறுவதற்குள் சரக்கைக் கிளப்பிவிடச் சொல்லி பையர் நெருக்கியதில், மூன்று ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்பினோம். அதற்கு அப்புறம் ஒரு பையர் இரண்டு ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். இன்னொருவர் விலையைக் குறைத்தால்தான் எடுப்பேன் என்கிறார். நைட் ஷிப்ட் இல்லை. பூஜைக்கு ஊருக்குப் போன ஒடிசா பையன்களில் பாதிப் பேரை இன்னும் வரச் சொல்லவில்லை.

போன வாரம் ஆயுத பூஜைக்கு இனிப்பு பாக்ஸ் கொடுத்தார்கள். எப்போதும் மேனேஜர்தான் கொடுப்பார். இந்தத் தடவை எம்.டி.யே ஒவ்வொரு மிஷினாகப் போய், பெயர் கேட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். அப்போது சந்தோஷமாக இருந்தது. இப்போது அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வேலையை விட்டு நிற்கச் சொல்வதற்கா? சம்பளத்தைக் குறைப்பதற்கா? என்னிடம் ஏதாவது கையெழுத்துக் கேட்பாரோ? என் சம்பளம் 24,000, அதில் பேசிக் 13,000. வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் காம்பாக்டிங் மிஷின் ஓட்டுகிறார், அங்கேயும் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மாதச் சீட்டு ஒன்று பாதியில் நிற்கிறது.

முன்கூட்டியே "எதுக்குங்க சார்?" என்று கேட்டுவிடலாமா, பேசாமல் போவதா? இந்த மாதிரி கூப்பிட்டுப் போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை.


நூல்கண்டு
அக்டோபர் 7, இரவு 10.05

இரண்டு கேள்வி. உங்களை மட்டும்தான் கூப்பிட்டாரா? சொல்லும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?


தேன்சிட்டு
அக்டோபர் 7, இரவு 10.20

எனக்குத் தெரிந்து என்னை மட்டும்தான். கேஷியர் அக்கா அடுத்த டேபிளில் இருந்தார், காதில் விழுந்திருக்கிறது. அவரும் நானும் ஒன்பது வருஷமாகக் குழம்பு மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். கிளம்பும்போது "நல்ல கவனிப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். எப்போதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்துதான் நடப்போம். எம்.டி. சொன்னதைவிட இதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.


நூல்கண்டு
அக்டோபர் 7, இரவு 10.31

அடுத்தவர் காதில் விழ, வெளிப்படையாகச் சொன்னார் என்றால் ஒளிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. எனக்கு நல்லதாகத்தான் படுகிறது.


பீளமேடு
அக்டோபர் 7, இரவு 11.15

சகோதரி, கோவையில் பம்ப் கம்பெனிகளில் 14 வருஷமாக ஹெச்.ஆர். பார்க்கிறேன். வேலையை விட்டு நிறுத்துகிறவர்கள் சாப்பிடக் கூட்டிப்போவதை நான் பார்த்ததில்லை. நம் பக்கத்துக் கம்பெனிகளில் அந்த வேலையை முதலாளி நேராகச் செய்யவே மாட்டார். மேனேஜரையோ என்னைப் போன்ற ஆளையோ விட்டுத்தான் சொல்லச் சொல்வார். அதுவும் தீபாவளிக்கு முன்னால் சொல்வது அபூர்வம். போனஸ் கொடுத்து அனுப்பிவிட்டு, லீவு முடிந்து வரும்போது சொல்வார்கள். தீபாவளிக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது முதலாளி நேரில் கூப்பிடுகிறார் என்றால் அவருக்கு உங்களிடமிருந்து ஏதோ தேவைப்படுகிறது. அது நல்லதாகவும் இருக்கலாம், பாரமாகவும் இருக்கலாம்.

எதுவாக இருந்தாலும் உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். பயத்தோடு போகிறவருக்கும் கணக்குத் தெரிந்து போகிறவருக்கும் உட்காருகிற விதமே வேறு. பணிக்கொடை ஐந்து வருஷம் முடிந்தவர்களுக்கு உண்டு. கடைசியாக வாங்கிய பேசிக்கை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 13,000க்கு வருஷத்துக்கு 7,500 வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால்தான் அடுத்த வருஷம் சேரும், உங்களுக்கு நான்கு மாதம்தான் என்பதால் ஒன்பது வருஷம். ஆக 67,500. நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும் இது உங்கள் பணம். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதுவும் சட்டப்படி வர வேண்டியது.

முக்கியமாக, நாளைக்கே உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். நெருக்கடி வந்தால் கம்பெனிகள் முதலில் கை வைக்கிற இடம் அதுதான். உங்களிடம் பிடித்த 12 சதவீதமும் கம்பெனியின் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

கையெழுத்து எதற்காவது கேட்டால், வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜையில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.


மல்லிகைப்பந்தல்
அக்டோபர் 8, காலை 6.50

தோழி, மேலே எழுதிய இருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரோடு நீங்கள் தனியாகவா போகிறீர்கள்? ஒன்பது வருஷமாகப் பார்க்கிற மனிதர், உங்களை அம்மணி என்று கூப்பிடுகிறவர், நல்லவராகவே இருப்பார். அவரைச் சந்தேகப்பட்டு நான் சொல்லவில்லை. போகிற இடமும் கூட வருகிற ஆளும் தெரிந்துகொண்டு போவது நமக்குள்ள உரிமை. இதை நான் 26 வயதில் கற்றுக்கொண்டேன். வேறு ஊர், வேறு வேலை. சாப்பாடு என்று சொல்லி, நகரத்தை விட்டு நாற்பது நிமிஷம் கார் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில் கார்க் கதவின் பிடியை நான் பிடித்த பிடி இன்னும் கையில் இருக்கிறது.

எதற்கு என்று கேட்க வேண்டாம். "எந்த ஓட்டலுங்க சார், நான் வண்டியில நேரா வந்தர்றேன்" என்று சொல்லுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மனிதர் என்றால் அந்தக் கேள்வியிலேயே புரிந்துகொண்டு, கூட யார் வருகிறார்கள் என்று அவரே சொல்லிவிடுவார். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.


தேன்சிட்டு
அக்டோபர் 8, காலை 7.30

நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் இதுவும் என் மனதுக்குள் இருந்தது என்றே எனக்குத் தெரிந்தது. வாயில் வைத்துச் சொல்லக் கூச்சப்பட்டேன். நன்றி அக்கா. ஸ்கூட்டியில் போகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.


பதினாறு மிஷின்
அக்டோபர் 8, மதியம் 2.10

அம்மணி, நான் முதலாளி பக்கத்து ஆளுங்க. பெரிய எக்ஸ்போர்ட்டர் எல்லாம் இல்லை. பதினாறு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தவன், இப்போது பையன் பார்க்கிறான். நானும் ஒரு தடவை ஆளைச் சாப்பிடக் கூட்டிப் போயிருக்கிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு ஏதாவது பிடிபடலாம்.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் சாயப்பட்டறையை எல்லாம் மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்தது. சாயம் போடாமல் துணி ஏது, துணி இல்லாமல் தையல் ஏது? வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள், அது நம்மைப் போன்ற சின்ன யூனிட் வரைக்கும் வந்துசேரவில்லை. பிப்ரவரி முழுக்க மிஷின்மேல் துணி மூடியபடிதான் இருந்தது. என் கட்டிங் மாஸ்டர் பன்னிரண்டு வருஷம் என்னோடு இருந்தவர். அவரை விட்டால் அப்படி ஒரு கை எனக்குக் கிடைக்காது. முழுச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. இரண்டு மாதத்துக்குப் பாதிச் சம்பளம் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். யூனிட்டில் வைத்து எப்படிக் கேட்பது? நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசினாலே செக்கிங்கில் இருக்கிற பிள்ளைகள் வரைக்கும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் நூல் கடைக்கும் பட்டன் கடைக்கும் தகவல் போய்விடும். அவன் கடனில் சரக்குத் தருகிறான் என்றால் நம் பெயரை நம்பித்தான் தருகிறான். ஆள் நிறுத்துகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பினால், காசு வைத்தால்தான் நூல் என்பான்.

அதனால்தான் பெருமாநல்லூர் பக்கம் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். நாட்டுக்கோழி சொன்னேன். மாஸ்டர் நம்மை அனுப்பத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று முடிவே செய்துவிட்டார் போல. குழம்பை ஊற்றிய சோறு ஊற்றியபடியே இருந்தது, விரலால் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க வார்த்தை உள்ளே போகிறது. கறி என்ன விலை, மழை எப்படி என்று என்னென்னவோ பேசுகிறேன். இலையை மூடிவிட்டு எழுந்தாயிற்று. கை கழுவுகிற இடத்தில், அவர் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு, "மாஸ்டர், ரெண்டு மாசம் பாதிதான் முடியும்" என்றேன். "இதுக்குத்தானுங்களா?" என்றார். நேராகத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "தம்பி, இன்னொரு சாப்பாடு போடப்பா" என்றார். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டவருக்கும் பயம் இருக்கும் அம்மணி, அதைத்தான் சொல்ல வந்தேன். பேக்கிங் லிஸ்ட்டைப் படிக்காமல் புரட்டினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குத் தெரிந்த புரட்டல்.

முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். மோர் ஊற்றுகிற வரைக்கும் அவர் விஷயத்துக்கு வரவில்லை என்றால் நீங்களே "ஏதோ சொல்லணும்னு கூப்பிட்டீங்க சார்" என்று எடுத்துக் கொடுங்கள். எடுத்துக் கொடுத்தால் சொல்லிவிடுவார். எது கேட்டாலும் அங்கேயே சரி என்று சொல்லாதீர்கள். இரண்டு நாள் கேளுங்கள். தருகிற முதலாளி நல்ல முதலாளி.


தேன்சிட்டு
அக்டோபர் 8, இரவு 9.15

ஐயா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். அவர் 2011இல் வேலை போய் ஏழு மாதம் தறிக்குப் போனவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு செய்தி. ஒன்று, ஸ்கூட்டியில் வருகிறேன் என்று சொன்னேன். "நல்லதும்மா, வீட்ல அம்மாவும் வர்றாங்க, ஒண்ணேகாலுக்கு வந்துரு" என்றார். அம்மா என்றால் அவர் மனைவி. மல்லிகைப்பந்தல் அக்கா சொன்னது அப்படியே நடந்தது.

இரண்டாவது நல்ல செய்தி இல்லை. பி.எஃப். பாஸ்புக் பார்த்தேன். ஜூன் மாதத்தோடு நிற்கிறது. ஜூலையும் இல்லை, ஆகஸ்டும் இல்லை. சம்பளச் சீட்டில் இரண்டு மாதமும் 1,560 பிடித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும்தானா என்று சாம்பிள் ரூம் தம்பியைப் பார்க்கச் சொன்னேன், அவனுக்கும் அப்படித்தான். எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இந்த மனிதரா என்று இருக்கிறது.


பீளமேடு
அக்டோபர் 8, இரவு 9.50

ஜூலைக்கு ஆகஸ்ட் 15, ஆகஸ்டுக்குச் செப்டம்பர் 15. இரண்டுமே தாண்டிவிட்டது. உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது சின்னத் தப்பு இல்லை. நாளைக்குக் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற மாதிரி வேண்டாம், தெரிந்துகொள்கிற மாதிரி கேளுங்கள். "பாஸ்புக்ல ரெண்டு மாசம் ஏறலீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை அவர் பேசட்டும்.


தேன்சிட்டு
அக்டோபர் 9, இரவு 10.30

போய்வந்தேன். முந்தாநாளிலிருந்து எனக்காக யோசித்த எல்லோருக்கும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேலை இருக்கிறது.

அவிநாசி ரோட்டில் ஒரு சைவ ஓட்டல். புரட்டாசி முழுக்க அவர் கவிச்சி தொடமாட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவரும் அம்மாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிள்ளைகள் எந்த வகுப்பு, வீட்டுக்காரர் எங்கே வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இலை போட்டார்கள். பருப்புக்கு நெய் ஊற்ற வந்தபோது எம்.டி. கையை இலைக்கு மேல் வைத்து வேண்டாம் என்றார். அப்பளம் வைத்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல், என்னோடு பேசிக்கொண்டே, அந்த அப்பளத்தை அவர் இலையிலிருந்து எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எம்.டி. தன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். ஆபீசில் சொல்ல முடியாத விஷயம்தான். பதினாறு மிஷின் ஐயா நூல் கடன் பற்றி எழுதியது எவ்வளவு சரி என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

என் சம்பந்தப்பட்டதை எழுதுகிறேன். அவர் பையன் இங்கிலாந்தில் படித்துவிட்டு அங்கேயே இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். நவம்பரில் வந்து கம்பெனியை எடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவை மட்டும் நம்ப முடியாது, ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் நம் துணிக்கு அங்கே வரி இருக்காது, அந்தப் பக்கம் பையர் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. "அவனுக்கு விக்கத் தெரியும். பேப்பர் தெரியாது. மூணு மாசம் உன் பக்கத்துல உட்காருவான். சொல்லிக் குடு" என்றார். பேங்குக்குப் போகிற எந்தப் பேப்பரும் இனி என் கண்ணில் படாமல் போகக் கூடாது என்றும் சொன்னார்.

அப்புறம் 2019இல் நடந்த ஒன்றைச் சொன்னார். எல்.சி. என்பது பையரின் பேங்க் கொடுக்கிற பண உத்தரவாதக் கடிதம், அதில் இருக்கிறபடியே நம் பேப்பரும் இருக்க வேண்டும். அந்த எல்.சி.யில் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் என்று இருந்தது. எங்கள் இன்வாய்ஸில் முழுக் காட்டன் என்று அடித்துவிட்டார்கள். கூரியர் பையன் வாசலில் நிற்கிறான், கவரை நான் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். எம்.டி. அன்றைக்கு ஆபீஸே கேட்கச் சத்தம் போட்டார். திருத்தி மறுநாள்தான் போனது. அதைப் பற்றி அப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். "அன்னைக்கு என்கிட்ட குடுக்கமாட்டேன்னு நின்னயே, அதே மாதிரி அவன்கிட்டயும் நிக்கோணும். அவன் அவசரக்காரன். முதலாளி பையன்னு பாக்காத" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆகஸ்டில் உட்கார்ந்த மூன்று ராத்திரிக்கும் சேர்த்து அம்மாதான் நன்றி சொன்னார்.

அந்த நேரத்தில் பி.எஃப். பற்றிக் கேட்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நல்லவிதமாகப் பேசுகிறவரிடம் எப்படி என்று தொண்டை அடைத்தது. பாயசம் வந்துவிட்டது. கேஷியர் அக்காவின் பணமும் அதில் இருக்கிறது, தம்பியின் பணமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பீளமேடு சார் சொல்லிக்கொடுத்த ஒரே வரியைச் சொன்னேன். "பாஸ்புக்ல ரெண்டு மாசம் ஏறலீங்க சார்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து "கட்டலீங்களா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது போல. எம்.டி. மழுப்பவில்லை. "இல்ல. நூலுக்குக் குடுத்துட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் மூன்று பேருமே பேசவில்லை. "தீபாவளிக்குள்ள ஒரு மாசம், அடுத்த மாசம் இன்னொண்ணு" என்றார். "எல்லாருக்குமா சார்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும்" என்றார்.

ஸ்டாஃப் யாரையாவது நிறுத்தப் போகிறீர்களா என்றும் கேட்டுவிட்டேன். கேட்டது கேட்டாயிற்று, இதையும் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. "தை வரைக்கும் யாரையும் தொடமாட்டேன். அதுக்கு மேல ஆர்டரைப் பொறுத்து" என்றார். சம்பள உயர்வும் தையில்தான். நான் சரி என்று சொல்லவில்லை, சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். "யோசிச்சே சொல்லு" என்றார்.

திரும்பி வந்து ஸ்கூட்டியை நிறுத்தும்போதே எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கேஷியர் அக்காவிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. வீட்டு விஷயத்தைச் சொல்ல முடியாது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும், அது அவருக்கும் தெரியும்.


மல்லிகைப்பந்தல்
அக்டோபர் 9, இரவு 10.55

பாயசம் வந்த பிறகும் கேட்டீர்களே, அதற்கு உங்களுக்கு என் வணக்கம். அக்காவிடம் பி.எஃப். கேட்டதைச் சொல்லுங்கள். அது அவருக்கும் உரிய விஷயம், அவரிடமிருந்து மறைக்க வேண்டியதே இல்லை. மற்றதை "சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். ஒன்பது வருஷம் குழம்பு மாற்றிச் சாப்பிட்டவருக்கு அது விளங்கும்.


பீளமேடு
அக்டோபர் 10, காலை 8.20

நல்லபடியாகப் பேசி வந்திருக்கிறீர்கள். பேங்க் பேப்பர் எல்லாம் உங்கள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்பது புதுப் பொறுப்பு. தப்பு வந்தால் முதலில் உங்கள் பெயர்தான் வரும். பதவி என்ன, வேலை என்ன என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொண்டு சரி சொல்லுங்கள். பையன் வந்த பிறகு அப்பா வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லாமல் போகலாம், இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பி.எஃப். விஷயத்தில் அவர் உண்மையைச் சொன்னது நல்லது, ஆனாலும் பாஸ்புக்கில் ஏறுகிற வரைக்கும் மாதாமாதம் பாருங்கள்.


பதினாறு மிஷின்
அக்டோபர் 10, காலை 11.40

நூலுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாரா. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். அன்றைக்கு என்னிடம் யாராவது இப்படி நேரில் கேட்டிருந்தால் ஆறு மாதம் இழுத்திருக்க மாட்டேன். சாப்பிட்டீர்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே?


தேன்சிட்டு
அக்டோபர் 10, இரவு 9.05

ரசம் வரைக்கும் நன்றாகவே சாப்பிட்டேன் ஐயா. அம்மா விடவில்லை.


தேன்சிட்டு
அக்டோபர் 17, இரவு 8.45

போன சனிக்கிழமை சரி என்று சொன்னேன், லெட்டர் கேட்டேன். திங்கட்கிழமை கொடுத்துவிட்டார். என்ன வேலை என்று நான்கு வரியில் எழுதியிருக்கிறது. இன்றைக்கு போனஸ் போட்டார்கள், போன வருஷத்தைவிடக் குறைவு, எல்லோருக்குமே குறைவு.

கேஷியர் அக்காவிடம், மல்லிகைப்பந்தல் அக்கா சொன்னபடியே சொன்னேன். பி.எஃப். வராதது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. சலான் பணம் கட்டப் போகாதது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்ல முடியாமல் இரண்டு மாதமாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "நீ கேட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். நேற்று மதியம் கொள்ளு ரசம் கொண்டுவந்து என் டம்ளரில் ஊற்றினார்.

ஜூலை மாதப் பணம் நேற்று பாஸ்புக்கில் ஏறியிருக்கிறது, எனக்கும் தம்பிக்கும் அக்காவுக்கும். ஆகஸ்ட் இன்னும் இல்லை. பையன் நவம்பர் 3ஆம் தேதி வருகிறார். என் டேபிளுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தாயிற்று. முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொட விடாமல், கோடவுனுக்குக் கூட்டிப்போய்க் கார்ட்டன் எண்ணச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எண்ணிக்கை கையில் வந்தால்தான் பேக்கிங் லிஸ்ட் புரியும்.